பாடவேளையும் தொழில்வேளையும்: தமிழகப் பள்ளிகளில் காலப் பகுப்பின் வரலாறு

1. முன்னுரை

கல்வி வரலாற்றை ஆராய்வோர் பாடநூலை நோக்குவர், ஆசிரியரை நோக்குவர், பள்ளியை நிறுவிய அரசையும் அறநிலையத்தையும் நோக்குவர். பள்ளியின் மணியை நோக்குவோர் மிகச் சிலரே. மாணவன் எப்பொழுது வந்தான், எத்துணை நேரம் இருந்தான், எப்பொழுது வீடு திரும்பினான் என்பன ஆராய்ச்சிக்கு உரியவல்லாத சிறு செய்திகள் போலத் தோன்றும். ஆயினும், ஒரு சமுதாயம் தன் குழந்தைகளின் பொழுதை யாருக்கு உரியதாகக் கருதிற்று என்பதனை அச்சிறு செய்திகளே தெளிவாகக் காட்டுகின்றன.

பள்ளி நாளைச் சிறு சிறு பாடவேளைகளாகத் துண்டிடாமல் நீண்ட தொகுதிகளாக அமைத்தலும், இடத்திற்கும் மாணவர்க்கும் ஏற்ப அதனை நெகிழ்த்தலும் இந்நாளில் உலகெங்கும் பேசப்படுகின்றன. இவை மேனாட்டார் புதிதாகக் கண்ட முறைகள் என்னும் எண்ணம் நம்மிடையே உண்டு. தமிழகத்தில் இவற்றுக்கு நெடிய வரலாறு இருத்தலையும், அவ்வரலாறு தரும் படிப்பினை யாது என்பதனையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆராய்ச்சி வெறும் கொள்கை அளவில் நின்றுவிடாதிருக்க, ஒரு வட்டாரத்தை மனத்திற் கொள்வது நன்று. 2019ஆம் ஆண்டு நவம்பர் வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து, பின்னர்த் தென்காசி மாவட்டத்தைச் சார்ந்த சங்கரன்கோவில் அதற்கு ஏற்றது. சங்கரநாராயணர் கோயிலாலும் ஆடித்தபசு விழாவாலும் பலரும் அறிந்த இவ்வூரில் நெசவு பழந்தொழில். வட்டாரத்தின் கரிசற் காடுகளிலோ மழையை நம்பிய வேளாண்மை. இவ்விரு தொழில்களும் சிறுவர் கையை வேண்டுவன. குழித்தறியில் தந்தை நெய்ய, நாடாவுக்கு வேண்டிய தாரைச் சுற்றித் தருவது பிள்ளையின் வேலை. கரிசல் மண்ணில் ஐப்பசி மழையை ஒட்டி விதைத்த பருத்தி, மாசி பங்குனி தொடங்கி ஒருமுறைக்குப் பன்முறை வெடிக்கும். அதனை எடுக்கப் பெண்டிரொடு சிறுமியரும் காடு செல்வர். எனவே இத்தகைய ஊரில் பள்ளி மணி அடிக்கும்போது, அது தறியையும் காட்டையும் எதிர்த்தே அடிக்கின்றது எனலாம். பள்ளி நேரத்தைக் குறைத்தலும் பகுத்தலும் நெகிழ்த்தலும் இங்கே வெறும் ஆசிரியத் தொழில் நுட்பம் அல்ல; பள்ளி விட்ட பொழுதை எடுத்துக்கொள்வது யார் என்னும் வினா அவற்றின் உள்ளே இருக்கின்றது. இவ்வினாவைக் கைவிளக்காகக் கொண்டு மேலே செல்வோம்.

2. பாடங்கேட்டலும் பொழுதும்

நாளினை ஆறு சிறுபொழுதாகப் பகுத்தல் தமிழ் மரபு. மாலை, யாமம், வைகறை, காலை, நண்பகல், எற்பாடு என்பன அவை. சிறுபொழுது ஐந்தே எனக் கொள்வாரும் உளர். ஆறு என்பார் கொள்கைப்படி ஒவ்வொரு பொழுதும் பத்து நாழிகை, அஃதாவது நான்கு மணி நேரம் ஆகும். இன்றைய பாடவேளையோ பெரும்பாலும் நாற்பது அல்லது நாற்பத்தைந்து நிமிடமே. ஏறத்தாழ இரண்டு நாழிகைக்கும் குறைவு. பொழுதைப் பெருந்தொகுதியாகக் கண்ட மரபிலிருந்து அதனைச் சிறு கூறுகளாகக் காணும் முறைக்கு நாம் வந்து சேர்ந்தமை கருதத் தக்கது.

பாடஞ் சொல்லுதற்கும் கேட்டற்கும் விதி வகுத்த பவணந்தியார் நன்னூற் பொதுப்பாயிரத்தில் காலத்தைப் புறக்கணித்திலர். ஆசிரியன் தக்க காலத்தையும் இடத்தையும் தேர்ந்து, கொள்வோன் கொள்ளும் வகையறிந்து கற்பிக்க வேண்டும் என்பதும், மாணவன் உரிய பொழுதில் செல்ல வேண்டும் என்பதும் அவர் கருத்துகள். அவற்றினும் நுட்பமானது பிறிதொன்று. ஆசிரியர் உரைப்பதை நன்கு கேட்பதனால் மாணவனுக்கு வருவது காற்கூறு புலமையே. உடன் பயில்வாரொடு பழகுவதனால் மற்றொரு காற்கூறு வரும். எஞ்சிய இரு காலும் தான் பிறர்க்கு உரைப்பதனால் நிரம்பும் என்பர். இதனைக் கால அளவாகக் கொள்ளுதல் மிகையாயினும், கற்றலின் பெரும்பகுதி ஆசிரியர் பேசும் நேரத்துக்கு வெளியே நிகழ்கின்றது என்னும் தெளிவு இதனாற் போதரும்.

ஈண்டு ஒரு வரையறை கூறுதல் வேண்டும். நன்னூலார் இலக்கணம் கற்பாரை நோக்கிக் கூறினாரேயன்றி, ஊர்ப் பிள்ளைகள் அனைவரையும் நோக்கிக் கூறினாரல்லர். ஆசிரியன் தேரும் காலம் மாணவனுக்கும் ஓய்வாகவே இருக்கும் என்பது அங்கே சொல்லாமலே கொள்ளப்பட்டது. தறியில் இருக்கும் பிள்ளை அப்பாயிரத்தின் எல்லைக்குள் வரவில்லை.

3. திண்ணைப்பள்ளியின் ஒரு நாள்

ஊர்ப் பிள்ளைகளின் பள்ளி திண்ணைப்பள்ளியே. அதன் நாள் எவ்வாறு கழிந்தது என்பதற்கு நமக்குக் கிடைக்கும் சான்றுகளுள் சிறந்தது டாக்டர் உ. வே. சாமிநாதையரின் தன்வரலாறு. அவர் தம் இளமைப் பள்ளியைப் பற்றிக் கூறுவனவற்றைத் தொகுத்து நோக்கின், பள்ளி காலை ஐந்து மணிக்கே தொடங்கிற்று. ஒன்பது மணிக்குப் பழையது உண்ணப் பிள்ளைகள் வீடு சென்றனர். நண்பகல் உணவுக்குப் பின் மூன்று மணிக்கு மீண்டும் கூடினர். மாலை ஏழு மணி வரை பயின்றனர் என அறிகிறோம். இடையில் மணல் கொணர்தலும் மணலில் எழுதுதலும் சுவடி ஓதுதலும் முறை சொல்லுதலும் நிகழ்ந்தன. இங்கே பாடத்துக்குப் பாடம் மணி இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் தான் நின்ற இடத்திலிருந்து மேலே சென்றான். ஒருவன் அரிச்சுவடியில் இருக்க, அருகிருந்தவன் எண்சுவடியில் இருந்தான்.

பெல்லாரி ஆட்சியர் காம்பல் 1823இல் அரசுக்கு எழுதிய அறிக்கையும் இதனோடு பெரிதும் ஒத்துள்ளது. அங்கே பள்ளி காலை ஆறு மணிக்குத் தொடங்கிற்று. முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையில் கலைமகள் பெயர் எழுதப்பெற்றது. இரண்டாமவனுக்குச் சுழி இடப்பெற்றது. மூன்றாமவனுக்கு ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டடி என ஏறிச் சென்றது. நெகிழ்ச்சி உடையதெனப் போற்றப்படும் அப்பள்ளியில் நேரந் தவறாமை பிரம்பினாற் காக்கப்பட்டது என்பதனை மறத்தல் ஆகாது. மூத்த மாணவரைக் கொண்டு இளையோரைப் பயிற்றும் சட்டாம்பிள்ளை முறை சென்னை எழும்பூர் ஆண்கள் அனாதை விடுதியில் ஆண்ட்ரூ பெல் என்பாரால் 1790களில் கையாளப்பெற்று, 1797இல் அவர் வெளியிட்ட நூல்வழி இங்கிலாந்துக்குச் சென்று, சென்னை முறை என்னும் பெயரையே பெற்றது.

காம்பல் அறிக்கையில் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாத பகுதி வேறொன்று. பள்ளிகள் குறைந்தமைக்குக் காரணம் யாது என்று வினவிக்கொண்டு, அவர் மக்களின் வறுமையைக் காரணமாகக் காட்டினார். ஐரோப்பியத் துணி வரவால் நெசவு முதலிய தொழில் செய்வோர் வருவாய் இழந்தனர் என்றும், அதனால் பிள்ளைகளின் இளங்கைகள் சிறிது வேலைக்கு ஏற்றவையானவுடனே குடும்பம் அவற்றை வேண்டி நின்றது என்றும் எழுதினார். பள்ளி விடியலில் தொடங்கியது, பகலில் நீண்ட இடைவெளி விட்டது, பருவத்துக்கேற்ப வளைந்தது, ஆயினும் தறி வீழ்ந்தபோது நெசவாளர் பிள்ளை பள்ளியை விட்டான். நெகிழ்ந்த நேரம் மட்டும் ஏழைப் பிள்ளையைப் பள்ளியில் நிறுத்தவல்லதன்று என்பதற்கு இஃதொரு பழஞ்சான்று.

சர் தாமஸ் மன்றோ 1822இல் கட்டளையிட்டுத் தொகுத்த கணக்கின்படி, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. ஆயிரம் மக்களுக்கு ஒரு பள்ளி என்னும் அளவு அது. 1826ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவர் எழுதிய குறிப்பு இதனைப் பாராட்டுகின்றது. பெண் குழந்தைகள் பெரும்பாலும் அக்கணக்கிற்குப் புறம்பாக நின்றமையையும் காட்டுகின்றது.

4. மணியின் ஆட்சி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசின் உதவித் தொகையும் கண்காணிப்பும் பள்ளிக்குள் வந்தன. வருகைப் பதிவேடு, வகுப்புத் தேர்வு, ஆய்வாளர் வருகை என்பன ஒன்றையொன்று தொடர்ந்தன. விடியலில் தொடங்கி இருளில் முடிந்த பள்ளி, அலுவலகத்தைப் போலக் காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை நான்கு மணிக்கு முடிவதாயிற்று. தான் நின்ற இடத்திலிருந்து முன்னேறிய மாணவன் இப்பொழுது வகுப்போடு சேர்ந்து முன்னேற வேண்டியவனானான். பத்து நாள் பருத்தி எடுக்கச் சென்று மீண்ட பிள்ளை, திண்ணையில் விட்ட இடத்தில் தொடங்கியிருப்பான்; வகுப்பிலோ அவன் பின்தங்கியவன் எனப் பெயர் பெற்றான்.

ஆயினும் மணியின் ஆட்சியைக் குறையாகவே கூறுதல் நடுநிலை ஆகாது. குறித்த நேரம் என்பது பிள்ளைக்கும் ஒரு காவல். பத்து முதல் நான்கு வரை அவன் பள்ளிக்கு உரியவன் எனின், அந்நேரத்தில் அவனை வேறெவரும் கேட்கலாகாது. இக்காவல் முழுமையாக அமையவில்லை என்பதனை 1929இல் ஹார்ட்டாக் குழு காட்டிற்று. 1922-23இல் முதல் வகுப்பில் இருந்த நூறு பிள்ளைகளுள் 1925-26இல் நான்காம் வகுப்பை எட்டியவர் பதினெண்மரே என்பது அக்குழு இந்தியா முழுமைக்கும் கண்ட கணக்கு. வந்தவர்களை நிறுத்துவது எவ்வாறு என்பதே அதன்பின் கல்வியாளர் முன் நின்ற பெருவினா.

5. வார்தாவின் இருநூறு நிமிடம்

அவ்வினாவுக்குக் காந்தியடிகள் தந்த விடை 1937 அக்டோபரில் வார்தா மாநாட்டில் உருப்பெற்றது. டாக்டர் சாகிர் உசேன் குழு அதற்கு ஒரு கால அட்டவணையும் வகுத்தது. நாளொன்றுக்கு ஐந்தரை மணி நேரம், அஃதாவது 330 நிமிடம். அதனுள் கைத்தொழிலுக்கு 200 நிமிடம், இசை, ஓவியம், கணக்கு ஆகியவற்றுக்கு 40, தாய்மொழிக்கு 40, சமூகவியலுக்கும் பொது அறிவியலுக்கும் 30, உடற்பயிற்சிக்கு 10, இடைவேளைக்கு 10. ஒரே தொழிலுக்கு மூன்று மணி இருபது நிமிடம் தொடர்ந்து அளித்தல், தொகுதிக் காலமுறையின் மிகத் துணிவான வடிவங்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. பள்ளி நாளில் நூற்றுக்கு அறுபது பங்கு ஒரே தொகுதியாயிற்று.

அத்தொகுதி பள்ளிக்குள்ளேயே, ஆசிரியரின் கண்முன், எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக அமைந்தது என்பதே இங்குக் குறித்துக்கொள்ள வேண்டியது. நெசவாளர் மகனும் நிலக்கிழார் மகனும் அருகருகே அமர்ந்து நூற்பர். தொழில் பிறப்பினால் வருவதாகவன்றிப் பாடமாக வந்தது.

6. 1953ஆம் ஆண்டின் மூன்று மணி நேரம்

இராசாசி முதலமைச்சராக இருந்தபோது சென்னை மாநிலத்தில் 1953 ஜூன் திங்களில் திருத்திய தொடக்கக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. நகராட்சி எல்லைக்கு வெளியே உள்ள தொடக்கப்பள்ளிகளே அதற்கு உட்பட்டன. மாணவர் இரு பிரிவாகப் பகுக்கப்பெற்று, ஒவ்வொரு பிரிவும் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பள்ளிக்கு வரும். எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பயில்வர்; அவ்வாய்ப்பு இல்லாதவர் ஊரிலுள்ள பிற கைவினைஞரிடம் பயில்வர்.

திட்டத்தின் பின்னே மெய்யான நெருக்கடி இருந்தது. பதினான்கு வயது வரை கட்டணமின்றிக் கட்டாயக் கல்வி தருவதற்குப் பத்தாண்டுக் காலத்தினுள் முயலவேண்டும் என்று 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு கூறிற்று. மாநிலத்தில் எழுத்தறிந்தார் நூற்றுக்கு இருபதின்மர் அளவே. கட்டடமும் ஆசிரியரும் பொருளும் குறைவு. அதே கட்டடத்தில், அதே ஆசிரியரைக் கொண்டு இருமடங்கு பிள்ளைகளைப் பயிற்றலாம் என்னும் கணக்கு பொய்க் கணக்கன்று. சாதியை நிலைநிறுத்தும் நோக்கம் தமக்கு இல்லை என்றும் முதலமைச்சர் மறுத்துரைத்தார்.

எதிர்ப்போ பேரளவில் எழுந்தது. பெரியாரும் திராவிடர் கழகத்தாரும் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்தனர், அப்பெயரே நிலைத்துவிட்டது. அண்ணா தலைமையிலான திராவிட முன்னேற்றக் கழகம் அவ்வாண்டு ஜூலையில் நடத்திய மும்முனைப் போராட்டத்தில் இத்திட்ட எதிர்ப்பும் ஒரு முனையாயிற்று. பொதுவுடைமைக் கட்சியினரும் எதிர்த்தனர். ஆளுங்கட்சிக்குள்ளேயும் மனக்குறை வளர்ந்தது. திட்டத்தைக் கைவிட வேண்டும் என்ற தீர்மானம் சட்டமன்றத்தில் 138க்கு 138 எனச் சமனாக நின்று, நிறைவேறாது போயிற்று. திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழுவின் ஆய்வுக்கு விட வேண்டும் என்னும் மற்றொரு தீர்மானம் மிகச் சிறிய பெரும்பான்மையில் நிறைவேறியது. பம்பாயைச் சேர்ந்த கல்வியறிஞர் பருலேகர் தலைமையில் அமைந்த குழு ஆய்ந்து, 1953 நவம்பரில் திட்டத்துக்கு ஆதரவாகவே அறிக்கை தந்தது. ஆயினும் எதிர்ப்பு அடங்கவில்லை. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். மே 18ஆம் நாள் கல்வியமைச்சர் சி. சுப்பிரமணியம் திட்டம் கைவிடப்பட்டதை அறிவித்தார்.

வல்லுநர் குழு ஏற்ற ஒன்றை மக்கள் ஏலாமைக்குக் காரணம் யாது? மூன்று மணி நேரம் போதாது என்பதே காரணம் என்று பலரும் கூறுவர். எண்ணிப் பார்ப்பின் அவ்விடை நிரம்பாது. வார்தா அட்டவணையில் எழுத்துக்கும் கணக்குக்கும் பிற அறிவுத் துறைகளுக்கும் ஒதுக்கப்பெற்றவை, இசையும் ஓவியமும் உள்ளிட்டு, 40, 40, 30 எனக் கூடி 110 நிமிடமே. 1953ஆம் ஆண்டுத் திட்டம் பள்ளிக்கு ஒதுக்கியதோ 180 நிமிடம். ஏட்டுக் கல்விக்கு உரிய நிமிடத்தை மட்டும் எண்ணினால் பின்னதே மிகுதி. இரு திட்டங்களும் கைத்தொழிலை மதித்தவை. இரண்டும் நீண்ட தொகுதியை விரும்பியவை. வேறுபாடு எஞ்சிய பொழுதில் உள்ளது.

இவ்வேறுபாட்டைச் சங்கரன்கோவில் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் வைத்துக் காண்போம். மூன்றாம் மணி முடிவில் இரண்டு சிறுவர் ஒரே வாயில் வழியே வெளியேறுகின்றனர் எனக் கொள்வோம். ஒருவன் வீட்டில் தறிக்குழி. அவன் தார் சுற்ற அமர்கின்றான். மற்றவன் வீட்டில் கணக்கு எழுதும் தந்தை. அங்கே மேசையும் தாளும் உள. இருவரும் பெற்றோர் தொழிலையே பயில்கின்றனர். விதி ஒன்றே, விளைவு வேறு. முதல்வனுக்கு எஞ்சிய பொழுது கல்வியினின்று கழிக்கப்படுகின்றது. இரண்டாமவனுக்கு அது கல்வியோடு கூட்டப்படுகின்றது. வார்தாவின் 200 நிமிடம் இவ்விருவரையும் ஓரிடத்தில் வைத்தது. 1953இன் எஞ்சிய பொழுது இருவரையும் அவரவர் பிறந்த வீட்டுக்கு அனுப்பிற்று. அன்றியும், நகரப் பள்ளிகள் விலக்கப்பட்டமையால், இந்நெகிழ்ச்சி ஊர்ப்புறத்தானுக்கு மட்டும் உரியது என்பதும் வெளிப்படையாயிற்று. மக்கள் எதிர்த்தது நேரத்தின் சுருக்கத்தை மட்டும் அன்று. எஞ்சிய நேரத்தின் உடைமையை எனக் கொள்ளுதலே பொருந்தும்.

7. ஒப்புமை: நியூயார்க்கு, 1917

இம்முடிவு தமிழகத்துக்கு மட்டும் உரியதோ என ஐயுறுவார்க்கு அமெரிக்க வரலாறு விடை தரும். இந்தியானா மாநிலத்துக் கேரி நகரில் வில்லியம் விர்ட் என்னும் கல்வி அலுவலர் 1908 அளவில் ஒரு முறையை அமைத்தார். மாணவர் இரு அணியாயினர். ஓரணி வகுப்பறையில் ஏட்டுக்கல்வி பயில, மற்றோரணி பட்டறையிலும் விளையாட்டிடத்திலும் அரங்கிலும் இருக்கும். பின்னர் இடம் மாறும். ஒரே கட்டடம் இருமடங்கு மாணவரை ஏற்றது. கல்வியறிஞர் பலர் அதனைப் போற்றினர்.

அம்முறையை நியூயார்க்கு நகரில் பரப்ப முயன்றபோது, குடியேறிய ஏழைத் தொழிலாளர் தம் பிள்ளைகளை ஆலைக்கு ஆளாக்கும் சூழ்ச்சி இஃது என அஞ்சினர். 1917 அக்டோபரில் மாணவரும் பெற்றோரும் தெருவில் இறங்கிக் கலகம் விளைத்தனர். அடுத்த திங்களில் நடந்த மேயர் தேர்தலில் அம்முறையை ஆதரித்த மிச்சல் தோற்றார், எதிர்த்த ஹைலன் வென்றார், முறை கைவிடப்பட்டது. முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் சென்னை மாநிலத்தில் நிகழ்ந்ததற்கும் இதற்கும் உள்ள ஒப்புமை வியக்கத் தக்கது. இருபுறத்தும் வல்லுநர் ஏற்றனர். இருபுறத்தும் ஏழைப் பெற்றோர் மறுத்தனர். இருபுறத்தும் வினா ஒன்றே: என் பிள்ளையை எதற்கு ஆயத்தம் செய்கின்றீர்?

ஆனால் 1959இல் லாயிடு டிரம்ப் வகுத்த முறை அத்தகைய கலகத்தை எழுப்பவில்லை. மாணவர் நேரத்தில் நூற்றுக்கு நாற்பது பேரவையிலும், இருபது சிறு குழுவிலும், நாற்பது தனிப் பயிற்சியிலும் கழியவேண்டும் என்பது அவர் கருத்து. அங்கே எஞ்சிய நேரமும் பள்ளிக்குள்ளேயே, மாணவனுக்கே உரியதாக நின்றமை ஒரு காரணம் எனலாம். நன்னூலாரின் கூறுகளோடு இதனை ஒப்பிட்டு நோக்குதல் ஆராய்ச்சி மாணவர்க்கு நற்பொருளாகும்.

8. 1954க்குப் பின்

குலக்கல்வித் திட்டம் தீர்க்க முயன்ற நெருக்கடி அத்திட்டத்தோடு மறையவில்லை. வேறு வழி தேடப்பட்டது. 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தை ஒரு கால அட்டவணைச் சீர்திருத்தமாக நோக்குதல் பொருத்தமே. நண்பகலில் உணவுக்காக வீடு சென்ற ஏழைப் பிள்ளை மீண்டு வருவது அரிது. உணவு பள்ளிக்கு வந்தபின், நாளின் இரு பாதியும் ஒன்றுபட்டன. பிள்ளையின் வேலைக்கு ஏற்பப் பள்ளியைக் குறைப்பதற்கு மாறாக, வேலைக்குத் தள்ளிய பசியைக் குறைத்தனர். 1982இல் சத்துணவுத் திட்டமும், 2022இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் இவ்வழியின் தொடர்ச்சியே.

பாடத்தை நெகிழ்த்தும் முயற்சி 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிற்று. ரிசி பள்ளத்தாக்குப் பள்ளியின் வழிமுறையைத் தழுவிய செயல்வழிக் கற்றல் என்னும் அம்முறை 2007-08இல் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்குப் பரவியது. பாடவேளை மணி நீங்கிற்று. கற்றல் ஏணியும் அட்டைகளும் வந்தன. ஒவ்வொரு பிள்ளையும் தன் அட்டையில் தன் வேகத்தில் சென்றது. பருத்திக் காட்டுக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்த சிறுமி, விட்ட அட்டையிலேயே மீண்டும் தொடங்கலாம். திண்ணைப்பள்ளியின் ஒரு நற்பண்பு நூற்றைம்பது ஆண்டு கழித்துப் பிரம்பில்லாமல் மீண்டது எனலாம். பின்னர் 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்து, அரும்பு, மொட்டு, மலர் என மாணவர் நிலையறிந்து பயிற்றும் வழியைக் கொண்டது. பெருந்தொற்றுக்குப்பின் 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி மாலைப் பொழுதில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை பள்ளிப் பாடத்தை ஊர்த் தெருவுக்குக் கொண்டு சென்றது. இவையாவும் நேரத்தை நெகிழ்த்தியவையே. எனினும் இவற்றுள் எதுவும் குலக்கல்வி எனப்படவில்லை. பிள்ளையின் பொழுது இவற்றால் கல்விக்குக் கூடிற்றேயன்றிக் குறையவில்லை.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் நேரத்துக்கு அடித்தளம் இட்டது. முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டில் 200 நாளும் 800 மணி நேரமும், ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு 220 நாளும் 1000 மணி நேரமும் குறைந்த அளவாயின. சராசரியில் முன்னது நாளுக்கு நான்கு மணி. பின்னது நான்கரை மணிக்குச் சற்று மேல். நாளுக்கு மூன்று மணியாக 200 நாளைப் பெருக்கினால் 600 மணியே வரும். எனவே 1953ஆம் ஆண்டின் அளவு இச்சட்டத்தின் எல்லைக்குள் வாராது.

இதனோடு வைத்து எண்ணத்தக்க மற்றொரு சட்டம் உண்டு. குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு 2016இல் செய்யப்பெற்ற திருத்தம், பதினான்கு வயதுக்குட்பட்டாரை வேலைக்கு அமர்த்துதலைப் பொதுவாகத் தடுத்தது. ஆயினும் பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும், இடர் விளைக்காத குடும்பத் தொழிலில் உதவுதலுக்கு விலக்கு அளித்தது. இவ்விலக்கினால் பள்ளி நேரம் என்பது புதியதொரு பொருளைப் பெற்றுள்ளது. பள்ளி எத்துணை மணிக்கு முடிகின்றது என்பதே, குழந்தை எத்துணை மணிக்குத் தறிக்குச் செல்லலாம் என்பதற்கும் சட்ட எல்லையாகிவிட்டது. கால அட்டவணை வகுக்கும் தலைமையாசிரியர், தாம் அறியாமலே, ஒரு தொழிற் சட்டத்தின் எல்லையையும் வகுக்கின்றார்.

9. முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் புலப்படுவன மூன்று. முதலாவது, தொகுதியாகவும் நெகிழ்வாகவும் பள்ளி நேரத்தை அமைத்தல் தமிழர்க்குப் புதிதன்று. திண்ணைப்பள்ளியிலும் செயல்வழிக் கற்றலிலும் அது இடம் பெற்றது. அயலில் தோன்றினும் வார்தா முறையும் இதற்கு நல்லதோர் ஒப்புமை. இரண்டாவது, அதன் வெற்றி தோல்விகளை நிமிடக் கணக்கு மட்டும் முடிவு செய்யவில்லை. 180 நிமிடம் தோற்றது. 110 நிமிடம் அத்தகைய எதிர்ப்பை எழுப்பவில்லை. மூன்றாவது, எஞ்சிய பொழுது பிள்ளைக்கு உரியதா, வீட்டுத் தொழிலுக்கு உரியதா, அவ்விதி நகரத்தானுக்கும் ஊர்ப்புறத்தானுக்கும் ஒன்றா என்னும் இரு வினாக்களே முடிவைத் தந்தன.

ஊரின் இயல்புக்கேற்ப நேரம் வளைதல் தவறன்று. ஆடித்தபசு நாளில் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவதை எவரும் குறை கூறார்; அவ்விடுமுறை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றே. பருத்தி எடுக்கும் பருவத்திற்காகப் பள்ளியை ஒரு வேளையாக்குவோம் என்று எவரேனும் சொல்வாராயின், அங்கே நின்று கேட்டல் வேண்டும்: அவ்வேளையில் காட்டுக்குப் போவது எவர் பிள்ளை? அவ்வினாவுக்கு விடை காணாத கால அட்டவணை எத்துணை அறிவுடையதாயினும், 1953ஆம் ஆண்டின் தவற்றை மீண்டும் செய்வதாகவே முடியும்.